யாருடைய நிலவறை? – சென்ட்ரல் நிலத்தடி நிலையத்தை முன்வைத்து

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ் நகரமொன்றின் நட்டநடுவில் வெட்டப்பட்ட மிகப் பெரிய குழிகளில் ஒன்று சென்னை சென்ட்ரலுக்கு எதிரில் வெட்டப்பட்டது. 2009-ல் வேலை தொடங்கிய மெட்ரோ ரயில் திட்டத்தின் முதல் கட்ட வழித்தடங்கள் இரண்டும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கடக்கின்றன. ஏறக்குறைய 70,000 சதுர மீட்டர் பரப்பு. ஒரு பக்கம் 1873-ல் வந்த சென்ட்ரல் ரயில் நிலையம், எதிரே அரசுப் பொது மருத்துவமனை, கொஞ்சம் தள்ளி ரிப்பன் கட்டடம், அதை ஒட்டிச் சுகுண விலாச சபை நாடகம் போட்ட விக்டோரியா பொது அரங்கம். இவற்றுக்கு நடுவே பல ஆண்டுகள் தகரத் தடுப்பு அடித்து, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, தோண்டி, சுவரெழுப்பி, 2018 மே 25-ஆம் தேதி நிலத்தடி நிலையத்தைத் திறந்தார்கள். அந்தத் தகரத்தைச் சுற்றிக்கொண்டு தினமும் போனவர்களில் கவிஞர்கள் உண்டு, நாவலாசிரியர்கள் உண்டு, இந்த இதழைக் கையில் வைத்திருப்பவர்களும் உண்டு. நான் வாசித்த அளவில், அந்தக் குழி நம் புனைவின் மையத்துக்கு வரவேயில்லை. வந்ததெல்லாம் தகரம்தான்: டிராபிக், தூசி, எரிச்சல். தகரத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது, யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்பது குறித்து ஒரு பெரிய மௌனம்.

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் குழியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை யார் தொடலாம் என்று தமிழ்நாட்டில் அதிகம் பேசியது எங்கள் ஊர்ப்பக்கம்தான். அந்தப் பேச்சிலிருந்து ஒரு மொழி உருவாயிற்று. அந்த மொழி இப்போது நகரத்துக்கும் போய், சென்ட்ரலைப் போன்ற ஒரு குழியைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைக்கிறது என்பது என் வாதம். எனவே பிரச்சினையைக் காவிரிப் படுகையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

*

நிலத்தடி என்றால் தமிழ் வாசகனுக்கு முதலில் ஞாபகம் வருவது சுரங்கப்பாதைதான். அதுவும் தஞ்சாவூர்ச் சுரங்கப்பாதை. 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் பழுவேட்டரையரின் நிலவறையும் அதிலுள்ள பொக்கிஷமும் ரகசிய வழிகளும் மூன்று தலைமுறையின் மனத்தில் அப்படியே குடியேறிவிட்டன. 2022-லும் 2023-லும் அது படமாக வந்தபோது பெரிய கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் “சுரங்கம் எங்கே இருக்கு?” என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். கேட்பவர்களைச் சொல்லிப் பயனில்லை. உள்ளூரிலேயே அரண்மனையிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு வழி, திருச்சிக்கு ஒரு வழி, குதிரையிலேயே போகலாம் என்று தாத்தாக்கள் கதை சொல்வார்கள். கொள்ளிடத்து மணலிலும் வெண்ணாற்று வண்டலிலும் அத்தனை மைல் தூரம் எப்படித் தோண்டினார்கள், ஊற்றுத் தண்ணீர் என்ன ஆயிற்று, எடுத்த மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று ஒரு பேரன்கூடக் கேட்பதில்லை.

கேட்காமலிருப்பதுதான் அந்தக் கதையின் கருத்தியல். அரசனின் சுரங்கத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கக்கூடாது. ஒன்று, தோண்டியவன். மற்றொன்று, கூட்டம். சிலருக்கு மட்டும் தெரிந்தால்தான் அது சுரங்கம். எல்லோரும் போகிற வழியென்றால் அதில் சாகசம் கிடையாது. அதாவது நம் வெகுஜனப் புனைவு நிலத்தடியை அதிகாரத்தின் ரகசிய அறையாக மட்டுமே கற்பனை செய்து பழகியிருக்கிறது.

இதற்கு மாறான ஒன்று நம்மிடம் இல்லாமலில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழைவது எந்த ராஜகோபுரத்தின் வழியாகவும் அல்ல. ‘சுருங்கை வீதி’யை ஒட்டி. யானைக் கூட்டம் நீர்த்துறைக்குப் போய்வர அமைத்த மூடிய வழி அது என்று உரை சொல்கிறது. ரகசியமும் இல்லை, பொக்கிஷமும் இல்லை. நகரத்தின் அன்றாட வேலைக்காகப் போட்ட பாதை. காவிரி கடலில் கலக்கிற புகாரிலிருந்து, கையில் ஒரு சிலம்பை விற்கக் கிளம்பி, ஒன்றுமில்லாமல் வந்த ஒருத்தன் அந்தப் பக்கமாகத்தான் பெருநகரத்துக்குள் போகிறான். எம்.ஏ. வகுப்பில் ஊர்காண் காதையை நடத்தியபோது கணிகையர் வீதியையும் நவமணிக் கடைகளையும் வரிவரியாக விளக்கினார்கள்; சுருங்கை வீதியை ஒரே மூச்சில் தாண்டினார்கள். பாடத்திட்டமும் பழுவேட்டரையர் பக்கம்தான் போலிருக்கிறது.

*

இரண்டாவது மொழி, போராட்ட மொழி. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கெதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நிலையிலேயே 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பக்கம் நம்மாழ்வார் இறந்தார். 2017-ல் நெடுவாசல், அதே ஆண்டு ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீ, தடியடி, கைது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். (அந்தச் சட்டமும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளைத் தொடவில்லை என்பதைக் கொண்டாட்டத்தில் பலர் கவனிக்கவில்லை.) இந்தப் போராட்டங்களின் நியாயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவை இல்லாவிட்டால் படுகை இன்று வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் போராட்டம் உண்டாக்கிய கவிதைகளை, பாடல்களை, மேடைப் பேச்சை விமர்சகன் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றில் மண் எப்போதும் தாய். நிலத்தடி எப்போதும் கருப்பை. துளையிடுவது எப்போதும் வன்புணர்ச்சி. பெண்ணியத் தோழர்கள் இந்த உருவகத்தைப் பற்றிச் சரியாகவே எரிச்சல்பட்டிருக்கிறார்கள். அதை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. தாய் என்றவுடன் பிள்ளை வந்துவிடுகிறான். அந்தப் பிள்ளைக்கு ‘விவசாயி’ என்று பேர். பட்டா வைத்திருப்பவனும் குத்தகைக்கு உழுதவனும் கூலிக்கு நட்டவளும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள். தஞ்சாவூர் மண்ணைப் பற்றி இதற்கு முன்னால் நம்மிடம் இருந்த மொழி இப்படிப்பட்டதல்ல. 1952-ன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வைத்த மொழி வேறு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்களே, அதற்குப் பிறகு பிறந்த மொழி வேறு. அந்த மொழியில் மண் தாயாக இல்லை. மண் சொத்தாக இருந்தது, யாருடையது என்ற கேள்வியாக இருந்தது. ‘அன்னை பூமி’ என்று சொல்லும்போது அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பில் வைத்துவிட்டுப் போகிறோம்.

இந்த மொழி நகரத்துக்குப் போனால் என்ன ஆகும்? நண்பர்கள் சிலர் ஆக்கித்தான் காட்டினார்கள். “அங்கே மீத்தேனுக்குக் குடையறான், இங்கே மெட்ரோவுக்குக் குடையறான், ரெண்டும் ஒண்ணுதான்” என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேச, பலத்த கைதட்டல். ரெண்டும் ஒண்ணு இல்லை. ஒன்று கீழேயிருப்பதை எடுத்துக்கொண்டு போவதற்காகத் தோண்டுவது. எடுத்தது உள்ளூரில் தங்காது, கெட்டது மட்டும் தங்கும். மற்றொன்று கீழே மனிதர்கள் நிற்பதற்கு ஓர் இடத்தை உண்டாக்குவது. தனித்தனிக் காரும் பைக்குமாக மூச்சுமுட்டுகிற நகரத்தில், பொதுப் போக்குவரத்துக்காக ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து இறங்கி ஏறும் ஒரு கூடம் வேண்டாமென்று இடதுசாரி ஒருவர் சொல்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சேதமே இல்லை என்று சொல்லவரவில்லை. 2017 ஏப்ரல் 9-ல் அண்ணா சாலை ஜெமினிக்குப் பக்கத்தில் சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் குழிக்குள் இறங்கி நின்ற படத்தை எல்லோரும் பார்த்தோம். வடக்கே களிமண்ணும் மணலும், தெற்கே போகப்போகப் பாறை, நடுவில் இரண்டும் கலந்த தரை; அந்தக் கலப்புத் தரையில் இயந்திரம் படாதபாடு பட்டது. சேதத்தைக் கணக்கெடுக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். ஆனால் கேள்வி ‘பூமியை ஏன் துளைத்தாய்’ என்பதாக இருந்தால் அதற்குப் பதில் சொல்ல யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை. ‘யாரை வைத்துத் தோண்டினாய், யாருக்காகத் தோண்டினாய், யாருடைய கடனில்’ என்று கேட்டால்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

*

யாரை வைத்து என்பதற்கு வருவோம். தோண்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு, ஏனென்றால் அது எங்களுக்கு அறிமுகமான வேலை.

படுகையில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண் சரியக்கூடிய இடத்தில் முதலில் குழி வெட்டிவிட்டுப் பிறகு சுவர் வைக்க முடியாது. ஓர் உறையைத் தரையில் வைத்து, உள்ளே இறங்கி மண்ணை வாரினால், உறை தன் கனத்தில் தானே இறங்கும். அதன்மேல் அடுத்த உறை. சுவர் முன்னால் போகும், குழி பின்னால் வரும். கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த சுடுமண் உறைகளின் காலத்திலிருந்து இது நமக்குத் தெரிந்த வித்தை. நகரத்து நிலத்தடி நிலையத்தின் தர்க்கமும் அதுதான். சாலையோரம் குறுகலாக ஆழமான பள்ளம் எடுக்கிறார்கள். பக்கங்கள் சரியாமலிருக்கப் பென்டோனைட் என்கிற களிக்குழம்பை நிரப்புகிறார்கள். அதற்குள் கம்பிக்கூட்டை இறக்கி அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றக் குழம்பு மேலே வந்துவிடும். இது டயஃப்ரம் சுவர். நாலு பக்கமும் சுவர் நின்ற பிறகுதான் நடுவில் தோண்டுவது. சில இடங்களில் கூரையை முதலில் போட்டு, மேலே வண்டியை ஓடவிட்டு, அதன் கீழே இருட்டில் தோண்டிக்கொண்டு போவார்கள். நிலையத்துக்கு நிலையம் போகும் சுரங்கமோ படுக்கப் போட்ட உறைகிணறு. இயந்திரம் கொஞ்சம் குடைந்ததும் கான்கிரீட் துண்டுகளைக் கோத்து ஒரு வளையம். அந்த வளையத்தை உந்திக்கொண்டு மேலும் குடைந்ததும் அடுத்த வளையம்.

உறைகிணற்றில் உள்ளே இறங்கியவன் யார் என்று எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். கிணறு வெட்டுவதையே குலத்தொழிலாகச் சுமத்தப்பட்ட சமூகங்களும் சேரி ஆட்களும். வெட்டி முடித்துத் தண்ணீர் கண்ட பிறகு அதே ஆள் அந்தக் கிணற்றில் வாளி போட முடியாது. தோண்டும்போது தீட்டில்லை, மொள்ளும்போது தீட்டு. தமிழ் நிலத்தின் நிலத்தடி வரலாறு என்று ஒன்றை எழுத வேண்டுமானால் இதைத்தான் முதல் அத்தியாயமாக வைக்க வேண்டும். ராஜராஜனின் சுரங்கத்தை அல்ல. அந்த வகையில் ஒரு நிலத்தடி ரயில் நிலையம் கிணற்றைவிட ஒரு படி மேல்: டோக்கன் வாங்கினவன் யாராக இருந்தாலும் கீழே இறங்கலாம். இந்தச் சின்ன விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டோக்கன் வாங்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சென்னையில் இறங்கியவர்கள் ஜார்க்கண்டு, பீகார், ஒடிசா, வங்காளம் பக்கத்து ஆட்கள். தகரக் கொட்டகை முகாம், மஞ்சள் தொப்பி, இரவு ஷிப்ட். அவர்களுக்குப் பேர் கிடையாது. இயந்திரங்களுக்குப் பேர் உண்டு. 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட இரண்டாம் கட்டத்தில் குடையும் இயந்திரங்களுக்கு மலைகளின் பேரும் பறவைகளின் பேரும் ஆறுகளின் பேரும் வைத்தார்கள்: நீலகிரி, ஆனைமலை, ஃபிளமிங்கோ, பெலிகன். 2023-ல் கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாற்றுக்கு அடியில் குடைந்துகொண்டு போன இயந்திரத்துக்கு ‘காவேரி’ என்று பேர். மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஜூன் 12-ஆம் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு, அவர்களுடைய ஆற்றின் பேரில் ஓர் இயந்திரம் இன்னோர் ஆற்றுக்குக் கீழே போகிறது என்பதைக் கேட்டால் சிரிப்பதா என்று தெரியாது. ஒரு இயந்திரம் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது மாலை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், செய்தியில் “நீலகிரி வெளியே வந்தது” என்று வருகிறது. அதன் பின்னால் சேறு அப்பிய முகத்தோடு வருகிற ஆட்கள் படத்தின் ஓரத்தில் இருக்கிறார்கள். இயற்கையின் பேரை இயந்திரத்துக்கும், இயந்திரத்தின் பேரின்மையை மனிதனுக்கும் மாற்றிப் போட்டுவிட்ட பிரதி இது.

*

இந்த இடத்தில் ஒரு பழைய கவிதையை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் சிறுபத்திரிகைகளில் மொழிபெயர்த்துத் தீராத பிரெக்ட், 1935 ஏப்ரல் 27-ஆம் தேதி மாஸ்கோ மெட்ரோவைத் தொழிலாளர்கள் தம் வசம் எடுத்துக்கொண்டதைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்பு, கட்டியவர்களே இறங்கி, தாங்கள் வைத்த தூணைத் தொட்டுப் பார்த்து, தாங்கள் போட்ட பாதையில் ரயிலேறிப் போகிறார்கள். கட்டியவன் கையிலேயே கட்டியது சேர்கிற காட்சி உலகத்தில் வேறெங்கே நடந்திருக்கிறது என்பதுதான் பிரெக்டின் வியப்பு. எகிப்துக் கூம்பிலிருந்து தஞ்சைப் பெரிய கோயில்வரை நீட்டிப் பார்க்கலாம்.

ஆனால் பிரெக்ட் பார்க்காததும் உண்டு. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பலர், கூட்டுப்பண்ணைக் கெடுபிடியில் கிராமத்தைவிட்டு ஓடிவந்த விவசாயிகள். 1932, 33-ல் உக்ரைன் பக்கம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோதுதான் மாஸ்கோவில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்தவர் அந்திரேய் பிளாத்தோனவ். 1930-ல் எழுதி, சோவியத் நாட்டில் 1987 வரை அச்சேற முடியாமலிருந்த ‘அடித்தளக் குழி’யில் பாட்டாளிகள் அனைவருக்குமான ஒரே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். குழி பெரிதாகிக்கொண்டே போகிறது, வீடு வருவதில்லை. கடைசியில் அவர்கள் கொண்டாடிய குழந்தையை அங்கேயே புதைக்கிறார்கள். முடிக்காமல் விட்டு, 1991-ல்தான் வெளிவந்த ‘மகிழ்ச்சியான மாஸ்கோ’வில் மாஸ்கோ என்றே பேர் கொண்ட இளம்பெண் மெட்ரோ வேலைக்குப் போய் ஒரு காலை இழக்கிறாள். பிரெக்ட் கேட்ட கேள்வி சரி. பிளாத்தோனவ் கண்ட காட்சி உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அடிப்பது நம் பழைய சண்டைகளின் வழக்கம். எனக்கு இரண்டும் வேண்டும்.

மாஸ்கோவிலிருந்து அண்ணா சாலைக்கு ஒரே தாவாகத் தாவுவதாக நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு பாலம் உண்டு. பிரெக்ட் பாடிய அந்த மெட்ரோவைக் கட்டுவதற்கென்றே 1931-ல் உருவான நிறுவனம் மாஸ்மெட்ரோஸ்ட்ராய். எண்பது வருஷம் கழித்து, சோவியத் போய்ச் சந்தை வந்த பிறகு, அதே பேரில் அதே நிறுவனம் காமன் இந்தியாவோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் அண்ணா சாலைப் பகுதிக்கு ஒப்பந்தம் எடுத்தது. 2015-ல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது. ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறு கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். வேலை கிடந்தது, சாலை மூடிக்கிடந்தது, அந்த வழி 2019 பிப்ரவரி 10-ல்தான் முழுசாகத் திறந்தது. ‘கட்டியவன் கையில் கட்டியது’ என்ற கனவின் பேரைத் தாங்கிய ஒரு நிறுவனம், நம் ஊரில் ஜப்பான் கடனில் நடந்த ஒரு வேலையில் வெறும் காண்டிராக்டராக வந்து, கணக்கு ஒத்துவராமல் கிளம்பிப்போனதை எழுதியிருந்தால் அதுவே இருபதாம் நூற்றாண்டைப் பற்றிய ஒரு நாவலாக இருந்திருக்கும். பெருங்கதையாடல்களின் வீழ்ச்சி குறித்து நாம் இதழ் இதழாக எழுதினோம். அது அண்ணா சாலையில் தகரம் அடித்து நின்றபோது பஸ் நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

வடக்கேயிருந்து வந்தவன் தோண்டினான் என்று சொன்னதும், “நம்ம ஆளுக்கு வேலை போச்சு” என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்ம ஆளும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறான். சிங்கப்பூரில். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்து ஊர்களில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, நிலத்தை அடகு வைத்து, கட்டுமான வேலைக்குப் போனவர் இல்லாத தெரு குறைவு. அங்கேயும் எம்.ஆர்.டி. நிலையங்கள் பல நிலத்தடியில்தான். 2004 ஏப்ரல் 20-ல் நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டிச் சர்க்கிள் லைனுக்காக வெட்டிய குழி சரிந்து நாலு பேர் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி தஞ்சாவூர்க் கிராமங்களில் பதைப்போடு கேட்கப்பட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ என்று.

இங்கே என்ன நடந்தது? அந்தப் பிள்ளைகள் போன வயல்களில் சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள் நடவு நடுகின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, ஆண்களாகச் சேர்ந்து, வரிசை பிசகாமல், வெகு வேகமாக நட்டு முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். நடவுப் பாட்டுப் பாடிய பெண்களுக்கு வேலை நாள் சுருங்கிவிட்டது. படுகையின் ஆள் சிங்கப்பூர்க் குழிக்குள். வங்காளத்தின் ஆள் படுகைச் சேற்றில். அவன் பக்கத்து ஊர்க்காரன் சென்ட்ரல் குழிக்குள். எல்லோரும் சேற்றில்தான் நிற்கிறார்கள், யாரும் சொந்தச் சேற்றில் இல்லை. தாய்மண் என்ற உருவகம் இந்தச் சுழற்சியின் முன்னால் வாயடைத்து நிற்கிறது. யாருடைய தாய்?

சிங்கப்பூரில் 2014-ல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். வங்காளிகள் நிறைய எழுதினார்கள், தமிழர்களும் எழுதினார்கள். நடுத்தர வர்க்கத்து இரக்கம் அதில் கலந்திருக்கிறது என்று குறை சொல்லலாம். சொல்லிவிட்டு, சென்னை முகாம்களில் இந்தியிலும் ஒடியாவிலும் சந்தாலியிலும் யாராவது எதையாவது எழுதினார்களா என்று தமிழில் யார் விசாரித்தோம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். தலித் இலக்கியமும் விளிம்புநிலையும் பேசிய நாம், மொழி தெரியாத விளிம்பு ஒன்று நம் தலைநகரின் நடுவில் 80 அடிக்குக் கீழே இருந்ததைக் கண்டுகொள்ளாததற்கு மொழி மட்டும் காரணமில்லை.

*

இனி மேலே வருவோம், டோக்கன் விஷயத்துக்கு.

2015 ஜூன் 29-ல் கோயம்பேடு–ஆலந்தூர் வழி திறந்தபோது கடைசிவரை போக 40 ரூபாய். பிறகு எதிர்ப்பு, தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் அதிகபட்சம் 70 என்றிருந்ததை 50 ஆகக் குறைத்தார்கள். குறைந்தபட்சம் 10. அதே சென்ட்ரலில், சாலையைத் தாண்டினால் பார்க் நிலையத்தில் 5 ரூபாய்க்கு மின்சார ரயில். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வீட்டுவேலைக்குப் போகும் பெண் எதில் ஏறுவாள் என்று கணக்குப் போடப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆக, கிணற்றில் சாதி செய்த வேலையை இங்கே கட்டணம் செய்கிறதா என்றால், அப்படியே இல்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. குளிரூட்டிய கூடத்தின் தரை பளபளவென்று இருக்கிறது. அங்கே படுக்கக்கூடாது, உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. எதிரே இருப்பது அரசுப் பொது மருத்துவமனை. நோயாளியோடு வெளியூரிலிருந்து வந்து இரவெல்லாம் காத்திருப்பவர்கள் படுக்க இடமில்லாமல் திண்டாடுவது அங்கே வெகுகாலமாக நடப்பது. மருத்துவமனையையும் ரயில் நிலையங்களையும் சுரங்க நடைபாதையால் இணைத்தது நல்ல காரியம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சாலையைக் கடக்கப் பயந்து நின்ற கிழவிகளைக் கேட்டால் தெரியும்.

2020 ஜூலையில் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பேரை வைத்தார்கள். கோயம்பேட்டுப் பேருந்து நிலைய மெட்ரோவுக்கு ஜெயலலிதா, ஆலந்தூருக்கு அண்ணா. நிலவறைக்கு மறுபடியும் ராஜா வந்துவிட்டார். மேலே சென்ட்ரல் சதுக்கம் என்று 2022-ல் திறந்தார்கள். அதன் பக்கத்தில் 27 மாடி வணிகக் கட்டடம் ஒன்றும் திட்டமாயிற்று. நிலத்தடி நிலையம் வந்தால் தரைமேல் நிலத்தின் விலை ஏறும் என்பது உலகெங்கும் தெரிந்த சங்கதி. அந்த ஏற்றம் யாருக்குப் போகிறது என்பதுதான் சண்டை போட வேண்டிய இடம். கூவம் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றியனுப்பிவிட்டு, நகரத்தின் நடுவில் எல்லாத் திசைக்கும் போகிற நிலையத்தைக் கட்டினால், நடுவில் இல்லாதவர்களுக்கு நடு எதற்கு?

எங்கள் ஊர்க்காரனையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து இரவு பஸ் ஏறினால் முன்பெல்லாம் கோயம்பேட்டில் இறங்கி, அப்படியே மெட்ரோவுக்குள் போய், சென்ட்ரலில் மேலே வந்து மருத்துவமனைக்குப் போகலாம். அங்கிருக்கும் மெட்ரோ நிலையம் அதற்காகவே பஸ் நிலையத்தை ஒட்டிக் கட்டினது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்து, தென்மாவட்ட பஸ்களை அங்கே கொண்டுபோனார்கள். திறந்த அன்று அங்கே மெட்ரோவும் இல்லை, மின்சார ரயில் நிலையமும் இல்லை. விமான நிலையத்தோடு முடிந்துபோகிற மெட்ரோவை அங்கே நீட்டுவதாகப் பேச்சு. விமானத்தில் வருபவனுக்கு நிலையம் கட்டிடத்தோடு ஒட்டி இருந்தது. பஸ்ஸில் வருகிறவன் விடியற்காலை நாலு மணிக்கு, கையில் ஸ்கேன் கவரோடும் தலையில் துண்டோடும், மாநகர பஸ்ஸுக்கு நின்றான். கோவலனுக்காவது சுருங்கை வீதி கோட்டை வாசலிலேயே இருந்தது.